கருவிக்கும் கணக்கு உண்டு

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிப் புதுத் தோட்டாவாக்க, மேசை விளிம்பில் பூட்டி வைத்துக்கொள்ளும் கைப்பொறி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பல்லாயிரம் வீடுகளில் அது இருக்கிறது. ஜொகூர் மாநிலத்தின் பெக்கோக்கில் இருக்கும் ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, முதலில் எந்தப் பொறியை வாங்கலாம் என்று கேட்டால், மலேசியச் சட்டம் நீட்டி முழக்காமல் பதில் சொல்லிவிடும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அதற்கான மருந்தைக் கையில் வைத்திருக்க 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பேச்சு இதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் சட்டம் ‘கூடாது’ என்று மட்டுமே சொல்கிறது. ஏன் கூடாது, எங்கே கூடும், கூடுமிடத்தில் எந்தப் பொறி கூடும் என்பதெல்லாம் அறம் பார்த்துச் சொல்ல வேண்டியவை. ஒரு குண்டும் வெளியே போகாதபோது, ஓர் உயிரும் போகாதபோது, மேசையில் சும்மா நிற்கும் இரும்புக்கு நன்மை தீமை என்று ஏதாவது உண்டா? கருவி குற்றமற்றது, பிடிக்கும் கைதான் குற்றவாளி என்பது ஒரு பதில். அந்தக் கருவி இருப்பதே குற்றம் என்பது இன்னொன்று. இரண்டும் கேட்க எளிமையானவை. இரண்டும் தவறானவை என்பது என் கட்சி. இவற்றைவிட நுணுக்கமாக நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்று தமிழ் மண்ணில் நெடுங்காலமாக இருக்கிறது. அது சமணருடையது. அதில் வைத்துப் பார்த்தால், முதல் பொறி எது என்ற கேள்வி கடைக்காரரிடம் விட்டுவிடக் கூடியதாக இல்லை.

முதலில் அந்த வேலை என்னவென்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப்போலப் பதிந்திருக்கும் தீப்பொறிக் குமிழ், உள்ளே புகையில்லா மருந்து, வாயில் ஈயக்குண்டு. சுட்ட பிறகு மறுபடி பயன்படுவதாக மிஞ்சுவது கூடு மட்டும்தான்; வெடித்த அழுத்தத்தில் அது சற்று உப்பியும் இருக்கும். அந்தக் கூட்டைப் பொறியில் நிறுத்திக் கைப்பிடியை இழுத்தால், மேலே பூட்டிய எஃகு அச்சு அதை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். செத்துப்போன குமிழ் கீழே விழும். பிறகு புதுக் குமிழைப் பதிக்க வேண்டும், மருந்தை நிறுத்து ஊற்ற வேண்டும், குண்டை வைத்து அழுத்த வேண்டும், வாயை இறுக்க வேண்டும். வேட்டைத் துப்பாக்கியின் 12 போர்த் தோட்டா என்றால் கூடு பிளாஸ்டிக்காக இருக்கும். மருந்துக்கும் ஈயச் சன்னங்களுக்கும் நடுவே ஓர் அடைப்பு வரும். வாயை ஆறாகவோ எட்டாகவோ மடித்து மூடுவார்கள். இவ்வளவுதான் வேலை. கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும், பிழை செய்ய ஒரு நொடி போதும். கைத்துப்பாக்கித் தோட்டா பலவற்றுக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு மருந்துகூட வேண்டியதில்லை. பாயின்ட் 38 ஸ்பெஷல் போன்ற பழைய வகைக் கூடுகள் கருமருந்துக் காலத்து அளவில் செய்யப்பட்டவை. இன்றைய மருந்து அந்தக் கூட்டின் அடியில் கொஞ்சம்போலத்தான் கிடக்கும். இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாது, மேலே பார்ப்பவருக்குத் தெரியாது. அதைச் சுட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறலாம். மருந்தே ஊற்றாமல் விட்டாலும் ஆபத்து குறைவதில்லை. குமிழின் பொறி மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் செருகிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுடுபவரின் கையில் குழல் பிளக்கும்.

இந்த வேலைக்கான பொறிகள் மூன்று வகை. முதல் வகையில் ஒரு நேரத்தில் ஓர் அச்சு மட்டும் இருக்கும். ஐம்பது கூடுகளையும் முதலில் அமுக்கி முடித்துவிட்டு, அச்சை மாற்றி, ஐம்பதுக்கும் அடுத்த வேலை. ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர், லீ நிறுவனத்தின் சிறு பொறிகள் இந்த வகை. சன்னத் தோட்டாவுக்கு விஸ்கான்சின் மாநில மேவில் ஊரின் மெக் 600 ஜூனியர் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவை மட்டும் கையால் நிலைக்கு நிலை நகர்த்த வைக்கிறது. இரண்டாவது வகையில் அச்சுகள் சுழலும் தலையில் பொருந்தியிருக்கும். மூன்றாவது வகை தொடர்பொறி. தட்டில் கூடுகள் வரிசையாக நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒன்றில் குமிழ் பதியும், ஒன்றில் மருந்து விழும், ஒன்றில் குண்டு இறங்கும், ஒரு முழுத் தோட்டா வெளியே வந்து விழும். டில்லன் நிறுவனத்தின் பொறிகள் இதில் பேர்போனவை. முதல் வகையில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது முதல் நூறு வரை செய்யலாம். மூன்றாவதில் நானூறு ஐந்நூறு சாதாரணம். அனுபவசாலிகள் பெரும்பாலும் புதியவருக்கு முதல் வகையைத்தான் பரிந்துரைக்கிறார்கள். விலை குறைவு, பழுது குறைவு என்று காரணம் சொல்வார்கள். நான் சொல்ல வரும் காரணம் வேறு. ஒற்றை அச்சுப் பொறியில் வேலை செய்பவர், மருந்து ஊற்றிய ஐம்பது கூடுகளையும் துளையிட்ட மரப்பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் விளக்கை மேலே பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பார். ஐம்பதிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்கிறதா, ஒன்று மட்டும் இருட்டாகவோ உயரமாகவோ தெரிகிறதா என்று. இந்த நிறுத்தத்தை அந்தப் பொறியே உண்டாக்கித் தருகிறது. தொடர்பொறியில் அது தானாக வருவதில்லை. விரும்பி நுழைத்தால்தான் உண்டு.

இனி சமணருக்கு வருவோம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அதிகாரத்தில் கொலைக்கு இலக்கணம் சொல்லும்போது உயிர்போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கவனமற்ற மன, மொழி, மெய்களின் இயக்கத்தால் உயிருக்கு ஊறு செய்வது கொலை என்று அது வரையறுக்கிறது. கவனமின்மை அங்கே கொலையின் பக்கக் காரணமாக வரவில்லை, இலக்கணத்தின் முதல் உறுப்பாகவே வருகிறது. ஆறாம் அதிகாரம் இன்னும் துல்லியம். ஒரே செயலால் இருவருக்கு ஏறும் வினை ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு அது அடுக்கும் காரணங்கள்: உணர்ச்சியின் கடுமை, மென்மை, தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது, செயலுக்கு ஆதாரமாக நின்ற பொருள், செய்தவரின் ஆற்றல். ஆதாரப் பொருள், அதாவது கருவி, தனியாக எண்ணப்பட்டிருக்கிறது. அந்த ஆதாரத்தையும் உயிருள்ளது, உயிரற்றது என்று பிரித்து, உயிரற்றதில் செய்தல், வைத்தல், சேர்த்தல், இயக்குதல் என்று நான்கு வகை சொல்கிறது. உயிருள்ளதின் கணக்கு தனி: எண்ணம், ஆயத்தம், தொடக்கம் என்ற மூன்று படிகள், மனம், மொழி, மெய் என்ற மூன்று வழிகள், தானே செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்று நிலைகள், சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கு உணர்ச்சிகள். பெருக்கினால் 108. இந்த எண்ணிக்கையை வறட்டு வகைப்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு இது ஓர் அரிய கருணையாகப் படுகிறது. மனிதர் ஒரு செயலுக்குள் ஒரே தாவலில் விழுந்துவிடுவதில்லை, படிப்படியாக இறங்குகிறார், ஒவ்வொரு படியிலும் திரும்ப இடம் இருக்கிறது என்பதை இதைவிடப் பொறுமையாக யாரும் சொல்லிவிடவில்லை.

இந்தத் தராசில் பொறியை வைத்துப் பாருங்கள். பொறி வாங்குவது ஆயத்தம் என்ற இரண்டாம் படி. தோட்டா ஆக்குவது ‘செய்தல்’. மருந்தையும் குமிழையும் வீட்டில் எங்கே, யார் கைக்கு எட்டாமல் வைக்கிறோம் என்பது ‘வைத்தல்’. மருந்தும் குண்டும் கூடும் ஒன்றாவது ‘சேர்த்தல்’. சுடுவது கடைசியில் வரும் ‘இயக்குதல்’ ஒன்றுதான். நான்கில் மூன்று, விசையில் விரல் படுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. கருவி குற்றமற்றது என்று சொல்பவர் இந்த நான்காவதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார். அவரை மறுக்கத் தத்துவம்கூட வேண்டியதில்லை. ஒரு கூட்டில் இரட்டை மருந்து விழுந்த அந்தக் கணத்தில், மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவரின் விரல்கள் போவதற்கான முழுக் காரணமும் மேசையிலேயே முடிந்துவிட்டது. சுடுபவரிடம் தீய எண்ணமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. குறை நிரப்பிய கையில்தான் இருந்தது; அந்தக் கை குறையோடு இயங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பொறியின் அமைப்பும் சேர்ந்து தீர்மானித்தது. ஆகவே கருவிகளுக்கிடையே அறவேறுபாடு உண்டு. ஒரு கருவி தன்னைக் கையாள்பவரின் விழிப்பை எந்த அளவுக்குக் கேட்டு வாங்குகிறது, எத்தனை இடத்தில் அவரை நிறுத்துகிறது என்பதே அதன் அளவுகோல். திகம்பர முனிவர் கையில் இருக்கும் மயிற்பீலியை நினைத்தால் இது விளங்கும். உட்காரும் முன் இடத்தை வருடிச் சிற்றுயிர்களை ஒதுக்குவதற்காகவே இருக்கும் கருவி அது. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு என்பது, சமிதி எனப்படும் அவர்களின் ஐந்து ஒழுங்குகளில் ஒன்று. விழிப்பையே வேலையாகக் கொண்ட கருவி ஒரு கோடியில் இருந்தால், விழிப்பைத் தேவையற்றதாக்கும் கருவி மறுகோடியில் இருக்கிறது. தோட்டாப் பொறிகளையும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன என்று பார்த்து வரிசைப்படுத்தலாம்.

தொடர்பொறிக்காரர் இங்கே குறுக்கிடுவார். இன்றைய பொறிகளில் மருந்தின் மட்டம் தவறினால் ஒலியெழுப்பும் கருவி இருக்கிறது. மனிதக் கண் களைத்துப்போகும், அது களைக்காது. மெதுவான பொறியில் சலிப்பு வரும், சலிப்பும் ஒரு கவனமின்மைதானே என்பார். நியாயமான வாதம். பல ஆண்டு பழகியவர் விஷயத்தில் நான் அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கே பிழை வரும் என்று அவருக்குத் தெரியும். கைப்பிடியில் தட்டுப்படும் சிறு வித்தியாசத்திலேயே கூடு சரியில்லை என்று கண்டுகொள்வார். ஆனால் நாம் பேசுவது முதல் பொறியைப் பற்றி. எதைப் பார்க்க வேண்டும் என்றே இன்னும் அறியாதவருக்கு ஒலியெழுப்பும் கருவி என்ன சொல்கிறது என்பது எப்படி விளங்கும்? ஐந்து வேலைகள் ஒரே இழுப்பில் நடக்கும்போது ஐந்தில் ஒன்றையும் அவர் தனியாகப் பார்த்ததில்லை. நீச்சல் தெரியாதவரை ஆற்றின் நடுவில் இறக்கி, கையில் மிதவை இருக்கிறதே என்று சொல்வதற்கு ஒப்பானது இது. சலிப்பைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் சலிப்பு வந்ததும் ஒற்றை அச்சுப் பொறியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகலாம். எல்லாக் கூடுகளும் ஒரே நிலையில் நிற்கும். தொடர்பொறியைப் பாதியில் விட்டுப் போனால் தட்டில் ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு நிலையில் நிற்கும். திரும்பி வந்து, எதில் மருந்து விழுந்தது எதில் விழவில்லை என்று குழம்பும் அந்த இடத்தில்தான் இரட்டை மருந்து விழுகிறது.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் நம் வீட்டிலிருந்தே வரும். ஆயுத பூஜை கொண்டாடும் மக்கள் நாம். மலேசியத் தோட்டங்களில் பால்வெட்டும் கத்தி, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், மண்வெட்டி, லாரி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். முனீஸ்வரரையும் மதுரைவீரனையும் அரிவாளோ வாளோ ஏந்திய உருவத்தில் வணங்குகிறோம். நீலகிரியில் 1903ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அருவங்காடு வெடிமருந்து ஆலையில் வேலை செய்தவர்களில் தமிழர்களும் உண்டு. ஆயுதத்தைத் தெய்வமாக்கிய மரபுக்கு முன்னால் சமணரின் கணக்கு எடுபடுமா என்று கேட்கலாம். ஆனால் அந்த நாளில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். கழுவுகிறோம், துடைக்கிறோம், பூ வைக்கிறோம், பிறகு தொடாமல் விட்டுவிடுகிறோம். மறுநாள் விஜயதசமியில் எடுக்கும் வரை அந்தக் கத்தி மரத்தைத் தொடாது. ஆண்டு முழுதும் ஓயாத கருவி ஓய்ந்து கிடப்பதுதான் அந்தப் பூஜையின் நடு. இந்த நாளோடு பாரதக் கதையைச் சேர்த்துச் சொல்பவர்களும், பாண்டவர்கள் தலைமறைவாக இருந்த ஓராண்டு முழுதும் ஆயுதங்களை வன்னி மரத்தில் ஒளித்துவைத்துவிட்டு வாழ்ந்ததைத்தான் நினைவுபடுத்துகிறார்கள். எடுத்தபோது வெற்றி வந்தது என்பதோடு, எடுக்காமல் இருக்கவும் அவர்களால் முடிந்தது என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. கருவிக்கு வழிபாடு செய்பவர், அது வெறும் இரும்பு, அதில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்று சொல்ல முடியாது. வணங்கும்போதே அதற்குக் கனம் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த அளவில் தோட்டக் கோயிலும் சமணப் பள்ளியும் கருவி குற்றமற்றது என்பவருக்கு எதிராக ஒரே பக்கம் நிற்கின்றன. புத்தரும் இவர்களோடு சேர்ந்து வருகிறார். இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களை அங்குத்தர நிகாயம் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. வாங்குபவர் அதை வைத்து என்ன செய்வார் என்று விசாரித்துவிட்டு விற்கலாம் என்ற விலக்கு அதில் இல்லை.

அப்படியானால் கருவியே குற்றம் என்று சொல்லிவிடலாமே என்று மறுமுனைக்கு ஓடுபவர்களுக்கு மலேசியாவின் சொந்த வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த தமிழர், 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைத்துப்பாக்கியோடும் தோட்டாக்களோடும் பிடிபட்டார். அதே ஆண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு அவருக்காகப் பேசியும் பலிக்கவில்லை. அவர் யாரையும் சுட்டார் என்று வழக்கில்லை. ஏன் வைத்திருந்தார், எதற்கு வைத்திருந்தார் என்ற கேள்விகளுக்கு அந்த விதியில் எடை இல்லை. வைத்திருந்தார், அவ்வளவே. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பார்வையை விடாமல் வைத்துக்கொண்டது. 1977இல் பினாங்கில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகமே திரும்பிப் பார்த்த வழக்கு அது. அவன் பின்னர் தூக்கிலிருந்து தப்பினான். ஆனால் தீர்ப்பு எழுதும் நாளில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது இரும்பு மட்டும்தான், பிள்ளை தெரியவில்லை. கருவியை மட்டும் எடைபோட்டு, கடுமையா மென்மையா, தெரிந்தா தெரியாமலா என்ற மற்றத் தட்டுகளைத் தூக்கி எறிந்தால் இதுதான் நடக்கும். கட்டாய மரண தண்டனையை மலேசியா 2023இல் கைவிட்டு, நீதிபதியின் கையில் மறுபடி தராசைக் கொடுத்தது. ஆறு காரணங்களில் கருவி ஒன்று என்று உமாசுவாதி சொன்னதன் பொருள், மற்ற ஐந்தும் இருக்கின்றன என்பதும்தான்.

கூர்மையான வாசகர் இந்த இடத்தில் என்னைப் பிடிப்பார். விழிப்புதான் அளவுகோல் என்றால், மிகுந்த கவனத்தோடு திட்டமிட்டுக் கொல்பவனுக்கு வினை குறையுமா? அவன் தன் தோட்டாவை ஒற்றை அச்சுப் பொறியில், விளக்குப் பிடித்துப் பார்த்துப் பார்த்து நிரப்பியிருந்தால் அவன் நல்லவனா? இல்லை. சமணர் சொல்லும் கவனமின்மை கைத்தடுமாற்றம் மட்டும் அல்ல; சினத்தாலும் செருக்காலும் வஞ்சத்தாலும் பேராசையாலும் மனம் மயங்கிக் கிடப்பதும் அதில் சேரும். நுட்பமாகக் குறிபார்ப்பவனின் கை விழித்திருக்கிறது. மனம் வெறியில் தூங்குகிறது. எண்ணிச் செய்யும் கொலையை அவர்கள் இல்லறத்தாருக்கும் முழுமையாக விலக்கினார்கள். வீட்டு வேலையில், தொழிலில், தற்காப்பில் நேரும் கொலைகளைத்தான் தவிர்க்க முடியாதவை என்று தனியே வைத்து, குறைக்கச் சொன்னார்கள். ஆகவே மெதுவான பொறி யாரையும் புண்ணியவானாக்காது. நோக்கம் சுத்தமாக இருக்கும் இடத்தில், அந்த நோக்கத்துக்கு மாறாக எதுவும் நடந்துவிடாமல் காக்கும், அவ்வளவே. நோக்கத்தைச் சோதிக்க வேறு விரதம் இருக்கிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் வந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்குச் சொல்லும் விரதங்களில் ஒன்று, பயனற்ற தீங்கைக் கைவிடுவது. கொலைக்கு உதவும் பொருளைப் பிறருக்குக் கொடுப்பது அதில் ஒரு வகை. சமந்தபத்திரர் எடுத்துக்காட்டும் பொருள்களில் வாளும் உண்டு, மண்வெட்டியும் உண்டு, நெருப்பும் உண்டு. மண்வெட்டி இல்லாமல் உழவு ஏது, நெருப்பு இல்லாமல் அடுப்பு ஏது? அவர் தடுத்தது பொருளை அல்ல, தேவையில்லாத இடத்தில் அது கைமாறுவதை.

தேவை என்ற இந்தச் சொல்லோடு பெக்கோக்குக்குப் போவோம். செகாமட் மாவட்டத்தில் லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிய சிறு ஊர். ஒரு பக்கம் ரப்பரும் செம்பனையும். மறுபக்கம் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்குப் போகும் வழி. காடும் தோட்டமும் உரசும் இப்படிப்பட்ட இடத்தில் காட்டுப்பன்றிதான் தோட்டக்காரரின் தலைவலி. மறுநடவு செய்த செம்பனைக் கன்றின் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டால் கன்று அத்தோடு போயிற்று. பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் பெறுவது மலேசியாவில் நெடுங்கால நடைமுறை; பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை உரிமமும் வேண்டும். கஞ்சிக்கு வழி அந்தக் கன்றுதான் என்றிருக்கும் சிறு தோட்டக்காரர் சுடுவதை நான் பழிக்க மாட்டேன். தொழிலைக் காக்க நேரும் கொலை என்று சமணர் ஒதுக்கி வைத்த வரிசையில் அது வரும். ஆனால் அந்தத் தேவைக்கு உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைத் தோட்டா கடையில் கிடைக்கிறது. ஆலைத் தோட்டா ஒரே சீராக இருக்கும். கையால் நிரப்பக் கற்றுக்கொள்ளும் ஒருவரின் முதல் நூறு தோட்டாக்கள் அப்படி இருக்காது. பலம் குறைந்த தோட்டா பன்றியைக் கொல்லாது, குடலைக் கிழித்துக் காட்டுக்குள் ஓடவிடும். இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும் அந்த விலங்கின் வேதனை, நிரப்பியவர் கணக்கில் எழுதப்படாமல் போகுமா? ஆகவே பெக்கோக்கில் தோட்டாப் பொறி எந்த வகையானாலும் தேவையற்றது, தேவையற்றதால் விலக்கத்தக்கது. சட்டம் சொல்வதும் அறம் சொல்வதும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன, காரணங்கள் வேறானாலும். அமெரிக்காவில் சட்டம் இடம் தரும் ஊரில், காகிதக் குறிகளைச் சுடும் ஒருவருக்கு அதே கணக்கு வேறு விடை தரும். அங்கே உயிர்க்கொலை இல்லை, தேவை பயிற்சி. அவருக்கு ஒற்றை அச்சுப் பொறியைச் சொல்வேன். அதையும் பூட்டிய அறையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

தேவை என்பது ஒருமுறை நிரூபித்துவிட்டு மறந்துவிடக் கூடியதும் அல்ல. 2021 முதல் மலேசியாவில் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் காட்டுப்பன்றிகளும் மடிந்தன. தீபகற்பக் காடுகளில் மலாயாப் புலி 150க்கும் குறைவு என்று தேசியப் புலிக் கணக்கெடுப்பு கண்டது. எண்டாவ்-ரொம்பின் அந்தப் புலி வாழும் காடு, பன்றி அந்தப் புலியின் உணவு. அந்தக் காய்ச்சலுக்கு முன்னால் பன்றியைச் சுடுவது தோட்டத்தைக் காப்பதாக மட்டும் இருந்திருக்கலாம். இன்று அதே வேட்டு காட்டின் உலையிலும் கைவைக்கிறதா என்று உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். ஒற்றை அச்சுப் பொறி ஒவ்வொரு படியிலும் நிற்க வைப்பதைப்போல் உரிமப் புத்தகமும் ஒருவரை நிற்க வைக்கிறது: இத்தனை வாங்கினேன், இத்தனை சுட்டேன், இத்தனை மிச்சம். எரிச்சலூட்டும் நடைமுறை என்று அதைக் குறைசொல்பவர்கள் உண்டு. கொல்லும் பொருளைச் சுற்றி இருக்கும் எரிச்சல் எல்லாம் குறைக்கப்பட வேண்டியது என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று மிச்சமிருக்கிறது, அதுதான் எனக்குக் கடினமானது. 108இல் மூன்றில் ஒரு பங்கு, உடன்படுதல். சுடுபவர் ஒருவர், கன்றுகளைக் காக்க ஆளை ஏற்பாடு செய்யும் நிர்வாகம் செய்விப்பது, அந்தக் கன்று மரமாகிக் குலை தள்ளி, பிழிந்த எண்ணெயில் தீபாவளிக்கு முறுக்கு சுடும் வீடுகள் உடன்படுபவை. துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அந்த வரிசையில் இருக்கிறோம். இதனால் எல்லாருக்கும் ஒரே எடை என்று ஆகிவிடாது. தெரிந்தும் தெரியாமலும், கடுமையாகவும் மென்மையாகவும் என்று தராசே வேறுபடுத்துகிறது. ஆனால் தோட்டாப் பொறி வாங்கத் துடிக்கும் இளைஞரை ஒருவர் கண்டிக்கும்போது, தான் வரிசைக்கு வெளியே நின்று பேசுவதாக நினைத்துக்கொள்ள இடமில்லை. அவரிடம் கேட்கும் கேள்விகளை, இது எதற்குத் தேவை, எங்கே வைப்பாய், இடையில் எத்தனை இடத்தில் நின்று பார்ப்பாய் என்பவற்றை, கண்டிப்பவரும் தன் அடுக்களையில் வாங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளிடமும் கேட்கலாம். கேட்டால் சிலவற்றுக்கு விடை கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. கிடைக்காதவற்றில் சிலவற்றை விட்டுவிட முடியும்.